நீலக்களிக்குக் கீழே

பூவரசேந்தல்
26.6.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளி எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கண்ணில் புரை விழுந்திருப்பதாக மதினி போனில் சொன்னார்கள். ஆபரேஷன் எப்போது? மதினிக்கு முட்டி வலி தேவலையா? நான் போனில் கத்துவது தெரு முழுக்கக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும்தான் கேட்பதில்லை. முப்பது வருஷம் போர்வெல் லாரியில் நின்று காதைத் திருச்செங்கோட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பட்டன் போனில் மெசேஜ் பார்க்கவும் மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் தபால்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம், நீர்நிலைப் பாதுகாப்புப் போட்டிக்கு நம் ஊருணியை எடுத்திருக்கிறது. ஒரு கம்பெனி ஜேசிபி வண்டி தருவதாக ஒத்துக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் இருளம்மாளும் சரி என்றுவிட்டார். எட்டாம் வகுப்பு சிநேகா நீளம், அகலம், ஆழம் பெருக்கி ஒரு பெரிய சார்ட் போட்டிருக்கிறாள். எட்டடி ஆழத்தைப் பன்னிரண்டு அடியாக்கினால் தண்ணீர் ஒன்றரை மடங்கு. கோடை முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய வேண்டாம்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். தூர் வாரும்போது மண்வெட்டியில் நீலக்களி ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் களியில் ஓர் உருண்டை பிடித்துக் கரைக் காளியின் பீடத்தில் வைத்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அது காளியின் மடியாம், வெட்டக் கூடாதாம். மூடநம்பிக்கைக்கு உதாரணமாக வகுப்பில் இதைத்தான் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நீங்கள் முப்பது வருஷம் பூமியைத் துளைத்தவர், உங்கள் அபிப்பிராயம் எழுதுங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை
சண்முகவள்ளி


பூவரசேந்தல்
17.8.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதிலே வரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மதினி சொன்னதில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடுங்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். இங்கே உங்கள் மாப்பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்து போனது, மற்றபடி சுகம்.

ஊருணி வேலை பதினான்காம் தேதி மாலையோடு முடிந்தது. மறுநாள் சுதந்திர தினத்துக்குக் கரையில் பேனர் கட்டினோம். 'எங்கள் ஊருணி, ஆழம் 12 அடி' என்று கொட்டை எழுத்து. வண்டி ஓட்டியவர் பெரியபட்டினத்துக் காதர் மைதீன். கெட்டிக்காரர், கரைச் சரிவைச் சீவியது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எட்டடி தாண்டி நீலக்களி தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு வேலை தொடர்ந்தது.

அந்தக் களி இரண்டடி கூட இல்லை அண்ணே. இத்தனை காலம் அதற்குத்தான் பயந்திருக்கிறார்கள். கீழே சுத்தமான வெள்ளை மணல். பிள்ளைகள் அள்ளி அள்ளி விளையாடினார்கள்.

கண் தெளிந்ததும் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

வள்ளி


திருச்செங்கோடு
30.8.2022

அன்புத் தங்கச்சி வள்ளிக்கு,

அண்ணன் எழுதியது. கண் இப்போது பரவாயில்லை. உன் மதினியின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறகு அது தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. உன் மதினி வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். எனக்குக் காது கேட்க வேண்டாமா? கண்ணும் இல்லை, காதும் இல்லை, நல்ல ஜோடிதான் நாங்கள். நேற்றுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தேன்.

வெள்ளை மணல் என்று நீ எழுதிய இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் காளியைக் கும்பிடுகிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் நம் கரையில் அந்த மணல் எங்கே இருந்தாலும் அதில் நிற்பது உப்புத் தண்ணீர். கடல் இரண்டு மைல்கூட இல்லை. நல்ல தண்ணீரையும் உப்பையும் பிரித்து வைத்திருந்தது அந்தக் களி ஒன்றுதான். காரணம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று காளி பேரைச் சொல்லி வைத்திருப்பார்கள் போல. காரணம் மறந்துபோய்க் காளி மட்டும் மிஞ்சிவிட்டாள். நான் ஒரு கார்டு முன்னால் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். அது என் தப்பு.

ஊருணி நிறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தண்ணீரின் கனம் மேலிருந்து அமுக்கும். வற்ற வற்றக் கீழேயிருந்து உப்பு ஏறும்.

ஒன்று கேட்கிறேன். ஓட்டுகிறவர் இறங்கினார், பேச்சு நடந்தது, பிறகு வேலை தொடர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். யார் சொல்லித் தொடர்ந்தது?

மாப்பிள்ளையைச் சுடுதண்ணீர் குடிக்கச் சொல்.

கூத்தையா


பூவரசேந்தல்
20.11.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி வகுப்பு, தேர்வு, மழை விடுமுறை என்று மூச்சு விட நேரமில்லை. நாங்கள் சுகம். மதினிக்கு நம் ஊர்ப் பனங்கிழங்கு பிடிக்குமே, தையில் கிடைத்ததும் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

இந்த வருஷம் நல்ல மழை. ஊருணி கரை தொட நிற்கிறது. நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. பள்ளிக்கு டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். சிநேகா வாராவாரம் அளந்து நோட்டில் குறிக்கிறாள். முன்னூற்றுப் பத்து. குழாய்த் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்.

போட்டியில் முதல் பரிசு எங்களுக்குத்தான். ராமநாதபுரத்தில் மேடை ஏறிக் கேடயம் வாங்கினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷ வேலையில் முதல் கேடயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளி


திருச்செங்கோடு
4.12.2022

வள்ளிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கேடயத்துக்குச் சந்தோஷம். நான் இப்போது வேலை பார்க்கிற குடோனில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

அந்தப் பிள்ளை மேல் தண்ணீரை அளக்கிறாள். மழைத் தண்ணீர் மேலேதான் நிற்கும். பாட்டிலில் கல்லைப் போட்டுக் கயிறு கட்டி, அடியில் இறக்கி எடுத்து அளக்கச் சொல். தை கழிந்ததும் எனக்கு எழுது.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அந்த வரி மட்டும் மழையில் நனைந்துவிட்டதா?

அண்ணன்


பூவரசேந்தல்
19.2.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்தானே? மதினிக்கு ஊசி போட்டார்களாமே, இப்போது நடக்க முடிகிறதா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

ஒரு பாடத்துக்காகக் கேட்கிறேன். ஊருணியின் அடிக்களி எங்காவது விட்டுப்போயிருந்தால் அதைத் திரும்ப அடைக்க வழி உண்டா? புத்தகத்தில் தெளிவாக இல்லை.

தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. நீங்கள் சொன்னபடி பாட்டிலை இறக்கினோம். பொங்கலுக்கு முன்னால் தொள்ளாயிரம், இந்த வாரம் அடியில் இரண்டாயிரத்து நானூறு, மேலேயே ஆயிரத்து அறுநூறு. சத்துணவில் பருப்பு வேகவில்லை. பெண்கள் லாரித் தண்ணீருக்கு ரோட்டில் நிற்கிறார்கள். என் எதிரே வரும்போது 'நல்லாத்தான் இருக்கு டீச்சர், கொஞ்சம் கரிக்குது, அம்புட்டுத்தான்' என்கிறார்கள்.

காதர் மைதீன் அளவு பார்க்காமல் தோண்டிவிட்டார் என்று ஊரில் பேச்சு. அது அவருடைய முதலாளி காதுக்கும் போய், வண்டியைப் பிடுங்கிக்கொண்டாராம். போன வாரம் வேறொரு வண்டிக்குக் கிளீனராக ரோட்டு வேலைக்கு வந்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று கத்தினார்கள். சிநேகாதான் முதல் குரல். 'எங்க தண்ணிய உப்பாக்குனவரு வந்துட்டாருடீ!' அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். சன்னல் திறந்துதான் இருந்தது.

களி விஷயம் மட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.

வள்ளி


திருச்செங்கோடு
5.3.2023

வள்ளிக்கு,

உன் மதினி இப்போது கோவில் வரைக்கும் நடக்கிறாள். எனக்கும் ஒன்றும் குறையில்லை.

அடைக்கலாம். வைகாசியில் ஊருணி வற்றியதும் களி கிழிந்த இடத்தைப் பார். கண்மாயிலிருந்து நல்ல களிமண் கொண்டுவந்து நனைத்து, ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, மாடு விட்டு மிதிக்க வேண்டும். அது இறுகியதும் அதன் மேல் இன்னொரு சாண். இப்படி மூன்றடி வரை. பழைய களி மாதிரி வராது, ஆனால் நிற்கும். ஒரு மழை சும்மா போகும், இரண்டாவது மழைக்குத் தண்ணீர் தெளியும். பாடத்துக்கு இது போதுமா?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் போர் போட்டேன். அறுபதடியில் இளநீர் மாதிரி தண்ணீர். இன்னும் இரண்டு குழாய் இறக்கினால் ஜோராக வரும் என்று நான்தான் இறக்கச் சொன்னேன். உப்பு வந்தது. அந்த வீட்டுக்காரரிடம், 'ஒங்க ராசி அப்படி, நான் என்னத்தச் செய்ய' என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினேன். அந்த ஆள் இன்னமும் தன் ராசியைத்தான் நொந்துகொண்டிருப்பார். காது போனதுகூட எனக்குப் பெரிதில்லை வள்ளி, அவர் முகம்தான் போக மாட்டேன் என்கிறது.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். யார் சொல்லித் தோண்டினார்?

அண்ணன்


பூவரசேந்தல்
12.3.2023

அண்ணே,

நான்தான்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். 'டீச்சர், களி வந்துருச்சு. எங்க பக்கமும் இதுக்குக் கீழ போகவிட மாட்டாக. இங்கன நிறுத்திக்கிருவோமா?' என்றார். பணிவாகத்தான் கேட்டார். நான் சுருட்டி வைத்திருந்த பேனரைக் காட்டி, 'பன்னெண்டடின்னு பேனர் அடிச்சாச்சு பாய், நாளைக்குக் கொடி ஏத்தணும்' என்றேன். அவர் வண்டிப் பக்கம் நகரவில்லை. பக்கத்தில் பிள்ளைகளும் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார்கள். 'நான் சயின்ஸ் டீச்சர், எனக்குத் தெரியாதா? எறக்குங்க' என்றேன். இறக்கினார்.

அறிவியலும் இல்லை, ஒன்றும் இல்லை அண்ணே. ஒரு கிணற்று மண்ணையாவது பார்த்தேனா? ஒருவரிடமாவது கேட்டேனா? பேனரில் எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

அவர் இதுவரை யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. சொல்லியிருந்தால் இல்லை என்று சண்டையாவது போட்டிருப்பேன். அந்தக் கேடயம் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது, நான் அந்தப் பக்கமே போவதில்லை. வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் சொன்னதில் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

மதினியிடம் சொல்ல வேண்டாம்.

வள்ளி


திருச்செங்கோடு
24.3.2023

வள்ளிக்கு,

இங்கே சுகம். மதினியிடம் சொல்லவில்லை.

என்னிடம் சொன்னதில் பாரம் குறைந்ததாக எழுதியிருக்கிறாய். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு செவிடனிடம் சொல்லியிருக்கிறாய், அதுவும் ஒட்டிய கவரில். காது கேட்கிறவர்கள் உன் ஊரிலேயே இருக்கிறார்கள். நான் திருப்பாலைக்குடிக்குப் போகாமல் பதினாலு வருஷம் ஓட்டிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. நீ அப்படி ஓட்டாதே.

களி வேலைக்கு ஜூனில் நான் வருகிறேன். என் செலவு என் பாடு. ஆனால் நீ சொன்ன பிறகுதான் வருவேன். சொல்லாத ஊரில் வந்து நின்றுகொண்டு, யாரோ ஒரு டிரைவர் பண்ணிய தப்பை அடைக்கிறேன் என்று என்னால் நடிக்க முடியாது.

அண்ணன்


பூவரசேந்தல்
3.5.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல்தான். இப்போது இருக்கிறது. நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. ஊருணி விஷயம் வந்ததும், டிரைவர் மேல் புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் எழுந்தார். நான் கை தூக்கினேன். சிநேகாவும் மற்றப் பிள்ளைகளும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர்களைப் பார்த்தேதான் சொன்னேன். அவர் நிறுத்தினார், நான் நிறுத்தவிடவில்லை, பேனருக்காக இறக்கச் சொன்னேன், களி வழக்கத்தைக் கேலி பேசியதும் நான்தான். எல்லாம் சொன்னேன்.

யாராவது திட்டுவார்கள் என்று நின்றிருந்தேன். யாரும் திட்டவில்லை. இருளம்மாள் மட்டும் முந்தானையைச் சரி செய்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"தெரியும் டீச்சர். பாய் வண்டிய விட்டு எறங்குனதக் கரையில நின்ன நாலஞ்சு பேரு பாத்தோம்ல. நீங்க பேனரக் காட்டுனதையும் பாத்தோம். எல்லார்ட்டயும் பேச்சுப் பரவித்தான் இருந்துச்சு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறவுக, பேரு கெட்டுப்போகுமேன்னுதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

ஊருக்கே தெரியுமாம் அண்ணே. தெரிந்துகொண்டேதான் அந்த மனிதர் மேல் பழி போட்டிருக்கிறார்கள். எனக்காக. எட்டு மாதம் நான் மறைத்துக்கொண்டிருந்தது ஒருவருக்கும் மறைவாக இல்லை. புகார் எழுத வேண்டும் என்று எழுந்தவர்கூடக் கரையில் நின்ற அந்த நாலைந்து பேரில் ஒருவர்தான்.

அப்போது சிநேகா எழுந்தாள். கையில் சார்ட் இருந்தது.

"அப்ப பெரியாளுக எல்லாருக்கும் தெரியுமா? எங்களுக்கு மட்டுந்தான் தெரியாதா?"

என்னைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், சொந்த அப்பாவைப் பார்த்தாள். "நாங்க அவரப் பாத்துக் கத்துனமே" என்றாள். பிறகு அழுதாள். அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை.

களி அடைக்கத் தீர்மானம் நிறைவேறியது. வண்டி முதலாளிக்கு நானும் தலைவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினோம். கேடயத்தைத் திருப்பி அனுப்பக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். என்ன ஆகுமோ, ஆகட்டும். நீங்கள் ஜூனில் தாராளமாக வரலாம்.

நேற்று மாற்றுச் சான்றிதழ் வாங்க சிநேகா வந்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, பெரியபட்டினத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள். மன்றத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும் காதர் மைதீன் வீட்டுக்குப் போகப் பேசி வைத்திருக்கிறார்களாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ராமநாதபுரத்தில் பஸ் மாறிப் போகிறோம்.

மதினியிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். அவர்கள் உடம்பையும் உங்கள் கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டு வாசலில் போய் நின்று என்ன பேச்சு எடுப்பது என்று தெரியாமல், அதையும் சிநேகாவிடமே கேட்டேன்.

"நாங்க பேசிக்கிறோம் டீச்சர். நீங்க பின்னாடி நில்லுங்க" என்றாள்.

வள்ளி